ரெண்டு இன்ஜின், ஒண்ணு மட்டும் டல்! படகு ஒரு பக்கமா இழுக்குதா? பிரச்னையைக் கண்டுபிடிப்பது எப்படி?

2015 டிசம்பர் 2. ஈக்காட்டுத்தாங்கலில் அன்றைக்குக் காலையில் பைக் போகவேண்டிய தெருவில் படகு போனது. முந்தைய நாள் இரவு செம்பரம்பாக்கத்தில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி அளவுக்குத் திறந்துவிடப்பட்ட தண்ணீரும், வழியெல்லாம் சேர்ந்த மழைவெள்ளமும் அடையாற்றின் கரையைத் தாண்டி ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனப் புகுந்தது. கிண்டி தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளும் தப்பவில்லை. கடற்கரைக் குப்பங்களில் இருந்து மீனவர்கள் ஃபைபர் போட்களை லாரியில் ஏற்றிவந்து ஊருக்குள் இறக்கினார்கள்.

அந்த வாரம் மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு ஒரு சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கும். தூரத்தில் கேட்கும் அவுட்போர்டு இன்ஜினின் 'டுர்ர்ர்' சத்தம். அந்தச் சத்தம் நடுவில் தடுமாறினால் மாடியில் நிற்பவருக்கும் பதறும், படகில் இருப்பவருக்கும் பதறும்.

அந்த இன்ஜின் ஏன் தடுமாறுகிறது? குறிப்பாக, படகில் ரெண்டு இன்ஜின் இருந்து, ஒன்று முழு வேகத்தில் ஓட, இன்னொன்று மட்டும் பின்தங்கினால் என்ன அர்த்தம்? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே எதையெல்லாம் பார்க்கலாம்? வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல, அவுட்போர்டு இன்ஜின்னா என்ன?

படகின் உடலுக்குள் இல்லாமல், பின்பக்கப் பலகையில் வெளியே மாட்டப்படும் இன்ஜின். மேலே மோட்டார், நடுவில் நீண்ட தண்டு, தண்ணீருக்குள் புரொப்பல்லர். எல்லாம் ஒரே பீஸ். கழற்றித் தோளில் தூக்கிப்போகும் அளவுக்குச் சின்னதும் உண்டு, கிரேன் வைத்துத் தூக்கும் அளவுக்குப் பெரியதும் உண்டு. அரசு ஆவணங்களில் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்'. கரையில் கேட்டால் 'ஓபிஎம்'.

இதை வெற்றிகரமான வியாபாரமாக மாற்றியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1909-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்ஜினின் அடிப்படை வடிவம்தான் இன்றைக்கும். யமஹா தன் முதல் அவுட்போர்டை 1960-ல் வெளியிட்டது. சில வருடங்களில் ஹோண்டா, சுஸுகி எனப் பைக் கம்பெனிகள் வரிசையாக உள்ளே வந்தன.

ஏன் ரெண்டு மாட்டுறாங்க?

முதல் காரணம் சக்தி. பெரிய வள்ளத்தை, வலையும் மீனுமாக, ஒரு சின்ன இன்ஜினால் இழுக்க முடியாது. குமரி மாவட்டத்திலும் கேரளக் கரையிலும் ஒரே வள்ளத்தில் ரெண்டு, சில சமயம் மூன்று இன்ஜின்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். மாலத்தீவில் ஏர்போர்ட்டில் இருந்து ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போகும் ஸ்பீட் போட்டின் பின்னால் எட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

ரெண்டாவது காரணம்தான் முக்கியமானது: ஒன்று நின்றாலும் இன்னொன்று கரைசேர்க்கும். நடுக்கடலில் 'புஷ்' பண்ண ஆள் கிடைக்காது. அதனால், ஒரு இன்ஜின் 'கொஞ்சம் டல்' ஆகும்போதே அதைப் பார்த்துச் சரிசெய்வது ஸ்பீடுக்காக மட்டும் இல்லை. அவசரத்துக்கு வைத்திருக்கும் ரெண்டாவது உயிர் இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வி அது.

உண்மையிலேயே வித்தியாசம் இருக்கா?

காரணம் தேடுவதற்கு முன் இதை உறுதிப்படுத்த வேண்டும். ஒரு உதாரணம்: ரெண்டு லீவரையும் முழுசாகத் தள்ளியிருக்கிறீர்கள். இடது மீட்டர் 5,500 ஆர்.பி.எம் காட்டுகிறது, வலது மீட்டர் 4,900. வலது இன்ஜின் வீக் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால், தப்பு மீட்டரிலும் இருக்கலாம்.

பல ஆர்.பி.எம் மீட்டர்களின் பின்னால் எந்த வகை இன்ஜின் என்பதற்கான செட்டிங் இருக்கும். உப்புக்காற்றில் அது துருப்பிடித்தோ, நகர்ந்தோ போனால் எண் மாறும். ரெண்டு மீட்டரையும் இடம் மாற்றி மாட்டுங்கள். குறைவான எண் மீட்டரோடு சேர்ந்து மறுபக்கம் போனால் இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. சிக்கல் மீட்டரில்தான்.

நூறு, இருநூறு ஆர்.பி.எம் வித்தியாசம் சகஜம். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். நேற்றுவரை சமமாக ஓடியவை இன்றைக்குப் பிரிந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். படகு ஒரு பக்கமாக இழுத்தாலே இன்ஜின் வீக் என்று அர்த்தமில்லை. பெட்ரோல் டேங்க், ஐஸ் பெட்டி, பேட்டரி எல்லாம் ஒரே பக்கம் இருந்தாலும் இழுக்கும். ரெண்டு இன்ஜினும் ஒரே கோணத்தில் சாய்ந்திருக்காவிட்டாலும் இழுக்கும். ரெண்டு புரொப்பல்லரும் ஒரே திசையில் சுற்றினாலும் லேசாக இழுக்கும். இதைச் சமன்செய்யத்தான் பெரிய படகுகளில் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுற்றும்படி வைக்கிறார்கள்.

நல்ல இன்ஜினும் பொய் சொல்லும்!

ரெட்டை இன்ஜினில் பலரும் ஏமாறும் இடம் இது. வலது இன்ஜின் வீக் ஆனால் படகின் மொத்த வேகமும் குறையும். மெதுவாகப் போகும் படகைத் தள்ளுவது இடது புரொப்பல்லருக்குக் கூடுதல் சுமை. அதனால் நன்றாக இருக்கும் இடது இன்ஜினின் ஆர்.பி.எம்-மும் சேர்ந்து இறங்கும். 'ரெண்டுமே போச்சு' என்று நினைத்து ரெண்டையும் பிரித்துப்போட்டுச் செலவு செய்பவர்கள் உண்டு.

இதற்குத் தனித்தனி ஓட்டம் உதவும். அமைதியான தண்ணீரில், ஒரு இன்ஜினை மேலே தூக்கிவிட்டு மற்றதை மட்டும் ஓட்டுங்கள். ஆர்.பி.எம்-மையும், மொபைல் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இதையே மாற்றிச் செய்யுங்கள். ஒற்றை இன்ஜினால் முழுப் படகையும் இழுக்கும்போது இரண்டுமே கேட்லாக் எண்ணைத் தொடாது. அதனால் கேட்லாக்கோடு ஒப்பிட வேண்டாம், ஒன்றை மற்றதோடு ஒப்பிடுங்கள். சுமை அதிகம் என்பதால் ரொம்ப நேரம் ஓட்டவும் வேண்டாம்.

பொதுவா? தனியா?

இதுதான் மொத்த மேட்டரின் சாவி. படகில் ரெண்டு இன்ஜினும் பகிர்ந்துகொள்ளும் விஷயங்கள் சில உண்டு: படகின் அடிப்பாகம், ஏற்றிய எடை, பல படகுகளில் ஒரே டேங்க். ஒவ்வொன்றுக்கும் தனியாக இருப்பவை வேறு: டியூப், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கேபிள், புரொப்பல்லர்.

* ரெண்டும் ஒரே அளவு டல் என்றால் பொதுவானதைச் சந்தேகப்படுங்கள். அடியில் கொட்டலசும் பாசியும் ஒட்டியிருக்கலாம், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம், பாரம் அதிகமாக இருக்கலாம்.
* ஒன்று மட்டும் டல் என்றால் அதற்கு மட்டும் சொந்தமான பாகங்களைச் சந்தேகப்படுங்கள்.

ஒற்றை இன்ஜின்காரருக்கு இல்லாத ஒரு வசதியும் ரெட்டை இன்ஜின்காரருக்கு இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது! இடது இன்ஜினின் பிளக்கை வலதில் போடுங்கள், வலதின் டியூபை இடதில் மாட்டுங்கள். கோளாறு பாகத்தோடு சேர்ந்து இடம்மாறினால் குற்றவாளி அந்தப் பாகம். மாறாமல் அதே இன்ஜினில் நின்றால், சிக்கல் இன்னும் உள்ளே.

ஒரே ஒரு ரூல்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை கடலில் நின்றால் மறுபடி முதலில் இருந்து.

அறிகுறி என்ன சொல்லுது?

* ஆர்.பி.எம் அதிகம், தள்ளு குறைவு: இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, சக்தி தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. புரொப்பல்லரைப் பாருங்கள்.
* ஆர்.பி.எம்-மே ஏறவில்லை: பெட்ரோல், ஸ்பார்க், கேபிள் இவற்றில் ஒன்று. அல்லது புரொப்பல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறது.
* முதல் சில நிமிடம் சூப்பர், பிறகு இறங்குகிறது: டேங்க்கின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம், அல்லது இன்ஜின் சூடாகிறது.
* மெதுவாக ஓடும்போது நடுக்கம், வேகத்தில் பரவாயில்லை: கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்கான சின்னத் துளைகளில் பிசின் அடைப்பு இருக்கலாம்.

சந்தேகம் 1: புரொப்பல்லர்

இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியையோ கில் ஸ்விட்ச் கயிற்றையோ எடுத்துவிட்டுத்தான் புரொப்பல்லரில் கை வைக்க வேண்டும். இதில் காம்ப்ரமைஸே கிடையாது.

பிளேடு நெளிந்திருக்கிறதா, நுனி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தூண்டில் நரம்போ வலைத்துண்டோ தண்டில் சுற்றியிருக்கும். புரொப்பல்லரைக் கழற்றினால்தான் அது தெரியும். அந்த நரம்பு உள்ளே இருக்கும் சீலை அறுத்தால் கியர் ஆயிலில் தண்ணீர் புகும். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் உடனே கவனியுங்கள்.

பல புரொப்பல்லர்களின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. கல்லில் மோதினால் கியர் உடையாமல் காப்பதற்காக வைத்தது. அது தேய்ந்தால் தண்டு சுற்றும், புரொப்பல்லர் பின்தங்கும். பைக்கில் கிளட்ச் சறுக்குவது போல. கண்டுபிடிக்க ஈஸி: தண்டில் இருந்து புரொப்பல்லர் வரை பெயின்ட்டில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு ரெண்டாக விலகியிருந்தால் புஷ் காலி.

அடுத்தது 'பிட்ச்'. ஒரு சுற்றில் புரொப்பல்லர் கொள்கையளவில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதன் கணக்கு. ஒரு அங்குலம் கூடினால் பொதுவாக 150 முதல் 200 ஆர்.பி.எம் வரை குறையும். ரிப்பேருக்குப்பின் ஒரு பக்கம் மட்டும் வேறு பிட்ச் மாட்டியிருந்தால், வித்தியாசம் இன்ஜினில் இல்லை. கடைக்காரர் கொடுத்த புரொப்பல்லரில் இருக்கிறது. முத்திரை எண்ணை ஒப்பிடுங்கள். எதிரெதிர் திசையில் சுற்றும் ஜோடியாக இருந்தால் புரொப்பல்லர்களை மட்டும் இடம் மாற்றிப் பரிசோதிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சந்தேகம் 2: பெட்ரோல்

டியூபின் நடுவில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். ஸ்டார்ட் பண்ணும் முன் அமுக்குவோமே, அதேதான். இந்தச் சின்ன ரப்பர்தான் உங்கள் ஸ்டெதஸ்கோப்.

இன்ஜின் திணறும்போது குமிழை அமுக்கிக்கொண்டே இருங்கள். உடனே ஆர்.பி.எம் ஏறினால், பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம். ஃப்யூயல் பம்ப், டியூபில் காற்றுக் கசிவு, ஃபில்டர் அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஓடும்போது குமிழ் தானாகச் சப்பிப்போனால் அடைப்பு குமிழுக்கு முன்னால், டேங்க் பக்கம் இருக்கிறது. பல நேரம் மூடியில் இருக்கும் காற்றுத்துளையைத் திறக்க மறந்திருப்போம். அவ்வளவுதான் சீன்!

தண்ணீர் கலப்பு இன்னொரு தலைவலி. இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்குமேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலில் இருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான். மாதக்கணக்கில் பாதி டேங்க்கோடு நிற்கும் படகுகளுக்கு இது பெரிய ஆபத்து. ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் கேஸ் க்ளோஸ்.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்களில் முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் சீக்கிரம் மாற்றினால், அதில் மட்டும் பிளக்கில் கரி படியும். அதாவது, சில நேரம் கோளாறு ஓட்டும் பழக்கத்தில்.

சந்தேகம் 3: ஸ்பார்க்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதிக் கதை தெரியும். இளம் பழுப்பு நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலப் பளபளத்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் புகுகிறது என்று சந்தேகிக்கலாம்.

சின்ன இன்ஜின்கள் பலவற்றில் ரெண்டே சிலிண்டர். அதில் ஒன்று படுத்தால் மீதி பாதிச் சக்திகூட முழுசாகக் கிடைக்காது. வேலை செய்யும் சிலிண்டர், செத்த சிலிண்டரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் வீர விளையாட்டு வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும், சில இன்ஜின்களில் எலெக்ட்ரானிக் யூனிட்டும் போய்விடும். சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் சோதனையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சந்தேகம் 4: கேபிள்

அடிக்கடி தவறவிடப்படும் காரணம் இது. லீவரை முழுசாகத் தள்ளியிருப்போம், ஆனால் நீண்டுபோன கேபிள் கார்புரேட்டரை முக்கால்வாசிதான் திறந்திருக்கும். இன்ஜினை ஆஃப் செய்து, மூடியைக் கழற்றி, ஒருவர் லீவரைத் தள்ள, இன்னொருவர் பின்னால் பாருங்கள். ரெண்டு இன்ஜினிலும் த்ராட்டில் கடைசி முட்டு வரை போகிறதா? போகவில்லையென்றால் இது பத்து நிமிட வேலை. இன்ஜினைப் பிரித்த பிறகு இது தெரியவந்தால் வயிறு எரியும்.

சந்தேகம் 5: சூடு

ஓடும் இன்ஜினின் பக்கவாட்டில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும். இன்ஜினைக் குளிரவைக்கும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ரெண்டு தாரையையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சொட்டினால் தண்ணீர் உள்ளே இழுக்கும் வலைத்துளையில் பிளாஸ்டிக் கவர், சேறு, பாசி அடைத்திருக்கலாம். அல்லது பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினாலே அந்த ரப்பர் வீணாகும்.

புது மாடல்கள் பலவற்றில், சூடு ஏறினாலோ ஆயில் குறைந்தாலோ இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை 'டல்' என்று நினைத்து மேலும் முறுக்கக் கூடாது. அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக: கம்ப்ரஷன்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் டல் என்றால், மீட்டர் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங், கேஸ்கெட் போன்ற பெரிய வேலை காத்திருக்கிறது. பலர் முதலில் பயப்படுவது இதற்குத்தான். பார்க்க வேண்டியது கடைசியில்.

சுருக்கமா, எந்த வரிசையில் பார்க்கணும்?

1. மீட்டரை இடம் மாற்றி, வித்தியாசம் நிஜமா என்று உறுதி செய்யுங்கள்.
2. எடை, சாய்வுக் கோணம், படகின் அடிப்பாகம்.
3. புரொப்பல்லர்: நெளிவு, நரம்பு, புஷ், பிட்ச்.
4. டேங்க் காற்றுத்துளை, ரப்பர் குமிழ், ஃபில்டர், தண்ணீர்.
5. கேபிள் முழுசாக இழுக்கிறதா?
6. பிளக்கை மாற்றிப் பாருங்கள்.
7. தண்ணீர்த் தாரை.
8. கம்ப்ரஷன். இதற்கு மெக்கானிக்.

முதல் ஏழுக்கும் பெரிய செலவு இல்லை. எட்டாவதில் ஆரம்பித்தால் பர்ஸ் தாங்காது.

ஒரே டேங்க் என்றால் ரெண்டு இன்ஜின் இல்லை!

'ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது' என்ற நம்பிக்கைக்கு ஒரு கண்டிஷன் உண்டு. ரெண்டும் ஒரே டேங்க்கில், ஒரே ஃபில்டரில் இருந்து குடித்தால், கெட்ட பெட்ரோல் ரெண்டையும் சில நிமிட இடைவெளியில் நிறுத்திவிடும். இன்றைக்கு ஒன்று திணறுவது, நாளைக்கு ரெண்டும் நிற்கப்போவதன் ட்ரெய்லராக இருக்கலாம். அதனால்தான் அனுபவசாலிகள் தனித்தனி டேங்க் வைக்கிறார்கள், அல்லது தனியாக ஒரு கேன் சுத்தமான பெட்ரோலாவது எடுத்துப்போகிறார்கள்.

மீட்புப் படகுகளின் பிரச்னை இன்னும் வேறு. மீனவரின் இன்ஜின் வாரத்தில் பல நாள் ஓடுகிறது, கோளாறு வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். 2015-ல் சென்னையிலும், 65 ஆயிரம் பேர்வரை மீனவர்களால் மீட்கப்பட்டதாகச் சொல்லப்படும் 2018 கேரள வெள்ளத்திலும் அந்தப் படகுகள் கைகொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வெள்ளத்துக்காக மட்டும் வாங்கி ஷெட்டில் வைத்த இன்ஜின், வருடத்தில் பல மாதம் சும்மா நிற்கும். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகும், ரப்பர் இறுகும். தேவைப்படும் நாளில் கயிற்றை இழுத்தால் இருமும்.

உங்கள் அபார்ட்மென்ட் சங்கமோ தன்னார்வக் குழுவோ படகு வைத்திருந்தால், பருவமழைக்கு முன்பே புதுப் பெட்ரோல் ஊற்றித் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். ஒற்றை இன்ஜின் படகு ரெண்டு இருந்தாலும் இதே டெக்னிக்தான்: ஒன்றை மற்றதோடு ஒப்பிடுங்கள், பாகத்தை மாற்றிப் பாருங்கள், எண்ணை மொபைலில் குறித்துவையுங்கள். நன்றாக ஓடும் நாளில் குறித்துவைத்த ஆர்.பி.எம்-தான், கெட்டுப்போன நாளில் உங்களுக்கு உதவும் ஒரே ரெக்கார்டு.

'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. பெயரிலேயே தண்ணீரை வைத்திருக்கும் ஊர் ஈக்காட்டுத்தாங்கல். இன்றைக்கு மெட்ரோவும் ஐ.டி. கட்டடங்களும் நிற்கும் இடத்துக்கு, ஒரே ஒரு இரவில் அந்தப் பழைய பெயர் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த முறை ஞாபகம் வரும்போது, கயிற்றை இழுத்தவுடன் இன்ஜின் பிடிக்க வேண்டும். அதற்கான வேலை வெள்ளத்தன்று தொடங்குவதில்லை, வெயில் அடிக்கும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் தொடங்குகிறது.